தண்ணீருக்கு என்ன அவசரம்?

ஐப்பசி பிறந்தால் போதும், பூந்தமல்லி, குன்றத்தூர், மாங்காடு பக்கம் நாம் எல்லோரும் நீர்வளத்துறை இன்ஜினியர்களாகிவிடுகிறோம். "செம்பரம்பாக்கம் 21 அடி தாண்டிடுச்சாம்", "நேத்து ராத்திரி நூறு கன அடி திறந்தாங்களாம்" என்று டீக்கடை பெஞ்சில் பேச்சு. கண் டி.வி.யின் அடியில் ஓடும் எழுத்தின் மேல். ஏரியின் முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இந்த இரண்டு எண்களும் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். 2015 டிசம்பர் வெள்ளம் கற்றுக்கொடுத்த பாடம் அது.

ஏரிக்கு வந்த தண்ணீரைப் பற்றி இவ்வளவு விசாரிக்கும் நாம், நம் மொட்டைமாடியில் விழுந்த தண்ணீர் என்ன ஆகிறது என்று விசாரிப்பதில்லை. அது குழாய் வழியாக இறங்கி, வாசலைத் தாண்டி, தெருமுனையில் திரும்பிவிட்டால் நம் கணக்கில் அது போய்விட்டது. உண்மையில் அதன் பயணம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே, அந்தத் தண்ணீரின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம். அவசரமில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். இதை நினைவில் வைத்துக்கொண்டால் மழைச் செய்தி எல்லாமே புரிய ஆரம்பித்துவிடும். ஒரு கிரவுண்ட் மனை 2,400 சதுர அடி. மீட்டரில் சொன்னால் சுமார் 223 சதுர மீட்டர். நம் ஊரில் 10 சென்டிமீட்டர் மழை அதிசயமில்லை, பருவத்தில் ஓரிரு நாள் அப்படிப் பெய்யத்தான் செய்யும். அன்றைக்கு ஒரு கிரவுண்டில் மட்டும் விழுவது 22,300 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு கொண்டுவரும் தண்ணீர் அது. மே மாதத்தில் அதே லாரிக்கு போன் போட்டு எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பது தனிக் கதை.

இந்த 22,300 லிட்டர் முன்பு எங்கே போயிற்று? மனை போடுவதற்கு முன் அந்த இடம் வயலாகவோ முள்காடாகவோ இருந்திருக்கும். மண் என்பது கெட்டியான பொருளில்லை. துகள்களுக்கு நடுவே சந்துகள் உண்டு. வேர் போன வழி, மண்புழு போன வழி எல்லாம் உண்டு. மழைநீர் முதலில் இலைமேல் தங்கும், பிறகு சருகில் தங்கும், குண்டு குழிகளில் நிற்கும், மெல்ல அந்தச் சந்துகளில் இறங்கும். இவ்வளவும் போக மிஞ்சியதுதான் ஓடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. இயற்கையாகக் கிடக்கும் நிலத்தில் மழையில் பத்தில் ஒரு பங்குதான் மேலே ஓடும். முக்கால்வாசிக்கு மேல் கட்டடமும் தார்ச்சாலையுமாகிவிட்ட ஊரில் பாதிக்கு மேல் ஓடும். நம் மண்ணுக்கும் நம் மழைக்கும் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. போகும் திசை மட்டும் அதேதான்.

ஓடும் தண்ணீரின் அளவு கூடியது பாதி விஷயம். மீதிப் பாதி, அது ஓடும் வேகம். இதற்கு ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்திக்கு 200 இலை போடலாம். வந்திருப்பவர்கள் 600 பேர். காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்து சாப்பிட்டுப் போனால் சமையல்காரருக்கும் சிரமமில்லை, வந்தவர்களுக்கும் மனக்குறை இல்லை. அதே 600 பேரும் தாலி கட்டிய கையோடு, எட்டரை மணிக்கு, மொத்தமாக எழுந்து வந்தால்? நாற்காலிக்குப் பின்னால் நாற்காலி பிடித்து நிற்பார்கள். ஆட்கள் அதே 600 தான், இலை அதே 200 தான். வந்து சேர்ந்த நேரம்தான் வேறு. நீரியல்காரர்கள் இந்த எட்டரை மணியை உச்ச ஓட்டம் என்பார்கள். ஆற்றங்கரையில் வீட்டுக்குள் தண்ணீர் வருவதும் வராததும் பெரும்பாலும் மொத்த மழையைவிட இந்த உச்ச ஓட்டத்தைப் பொறுத்தது.

இந்த இடத்தில்தான் நம் எல்லோருக்கும் இருக்கும் ஒரு நம்பிக்கையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மழைநீரை எவ்வளவு சீக்கிரம் ஊரைவிட்டு வெளியே தள்ளுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் அந்த நம்பிக்கை. குடியிருப்போர் நலச்சங்கம் கொடுக்கும் மனுவில் முதல் வரி இதுதான். தேர்தல் வாக்குறுதியிலும் இதுதான். பெரிய வடிகால், அகலமான வடிகால், வழவழப்பான கான்கிரீட் வடிகால். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. முழங்கால் தண்ணீரில் மூன்று நாள் நின்றவருக்கு வேறு எதைக் கேட்கத் தோன்றும்? வடிகால் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் வடிகால் தண்ணீரைக் காணாமல் போகச் செய்வதில்லை. மேட்டுத் தெருவின் தண்ணீரைப் பள்ளத் தெருவின் வாசலுக்குச் சீக்கிரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

நம் மேற்குப் பக்கத்து ஏரிகளையே பாருங்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிச்சம் கொரட்டூர் ஏரிக்கு, அது நிரம்பினால் இரட்டை ஏரிக்கு என்று சங்கிலியாகப் போகும். 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளும் அதைச் சுற்றி வளர்ந்த நகர்களும் தங்கள் தண்ணீரைத் துரிதமாகக் கீழே அனுப்பிக்கொண்டால், கொரட்டூரில் எட்டரை மணிப் பந்தி இன்னும் சீக்கிரம் கூடும். கொரட்டூர்க்காரர்கள் தங்கள் வடிகாலை அகலப்படுத்தினால் முறை அடுத்தவருடையது. கடைசியில் கூவமோ அடையாறோ கொசஸ்தலையாறோ ஏற்கெனவே நிரம்பி, கடலும் ஏற்றத்தில் நிற்கும்போது எவ்வளவு அகலமான வடிகாலுக்கும் தண்ணீரைக் கொட்ட இடமில்லை. அப்போது ஆற்றுத் தண்ணீர் வடிகால் வழியாகவே தெருவுக்குத் திரும்பி வரும். "ரிவர்ஸ் அடிக்குது" என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தம்பியும் உண்டு. 2015 வெள்ளம் என்றால் செம்பரம்பாக்கம் ஷட்டரைத் திறந்ததுதான் காரணம் என்பது அது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் பந்திக் கணக்கு நன்றாகப் புரியும் இடம் இதுதான்.

ஷட்டரைத் திறந்தது உண்மை. டிசம்பர் 1-ஆம் தேதி விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று மேல். ஆக விநாடிக்கு எட்டு லட்சம் லிட்டர். அந்த வேகத்தில் விட்டால், புதுத் தண்ணீர் வராதபட்சத்தில், நிரம்பிய ஏரியே ஒன்றரை நாளில் காலியாகிவிடும். திறந்த விதத்தையும் நேரத்தையும் 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கடுமையாகச் சாடியது. மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே சொன்னது. அந்த விசாரணை தேவையானது. அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. அதற்கு மேலே, ஏரியின் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போக வழியில்லாத இடத்தில் இருப்பவை முடிச்சூரும் வரதராஜபுரமும். அந்த ஆண்டு அவையும் மூழ்கின. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளிலிருந்தும் சுற்றியுள்ள புதிய நகர்களிலிருந்தும் இறங்கிய தண்ணீர். டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். அதற்கு முந்தைய நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,049 மில்லிமீட்டர் பெய்திருந்தது. 1918-க்குப் பிறகு அப்படியொரு நவம்பர் வந்ததில்லை. மண்ணில் ஒரு சந்துகூடக் காலியில்லை, சின்ன ஏரிகளில் ஒரு அடிகூட மிச்சமில்லை. ஏரியும் ஊரும் சாலையும் கூரையும் சேர்ந்து ஒரே இரவில் பந்திக்கு வந்துவிட்டன. ஷட்டர்காரர் ஒரு பெரிய கூட்டத்தை எட்டரை மணிக்கு அழைத்து வந்தார் என்பது சரி. அவர் வரும்போதே கூடம் நிறைந்திருந்தது என்பதும் சரி.

இன்னொரு கணக்கும் போடலாம். நூறு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 47 சென்டிமீட்டர் பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 1,660 மில்லியன் கன அடி, அதாவது செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நூறு சதுர கிலோமீட்டர் என்பது பத்துக்குப் பத்து கிலோமீட்டர்தான். இப்படி ஒரு மழையை ஏரி ஒன்றே தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதற்குச் செய்யும் அநியாயம்.

ஆக, நாம் கேட்க வேண்டியது தண்ணீரை எப்படி வெளியேற்றலாம் என்பதைவிட, எங்கெங்கே கொஞ்ச நேரம் உட்காரவைக்கலாம் என்பது. பசுமைக் கட்டமைப்பு என்று அரசு ஆவணங்களில் படிக்கிறோமே, அது செய்யும் வேலை இதுதான். தோட்டத்துப் பள்ளம், உறை இறக்கிய குழி, சந்து விட்ட தளம், புல் வளர்ந்த வாய்க்கால், தாழ்வான பூங்கா, குளம், சதுப்பு: ஒவ்வொன்றும் தண்ணீரைக் கொஞ்சம் வாங்கி, கொஞ்சம் குடித்து, மிச்சத்தைத் தாமதமாக விடுகிறது. நம் பழைய ஏரிச் சங்கிலி முழுக்க இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. வரத்துக் கால்வாயும் கலங்கலும் தெரிந்த ஊருக்கு இது புதுச் சரக்கு இல்லை.

இதில் ஒரு புவியியல் நுட்பம் உண்டு. பூந்தமல்லியிலோ குன்றத்தூரிலோ நீங்கள் குழி வெட்டினால் செம்பரம்பாக்கத்துக்கு வரும் தண்ணீர் குறையாது. ஏரியின் கரை கிழக்குப் பக்கம். இந்த ஊர்கள் கரைக்கு இந்தப் புறம். ஏரிக்குத் தண்ணீர் வருவது மேற்கிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து. அங்கே ஏக்கர் கணக்கில் விரிந்திருக்கும் தொழிற்சாலைக் கூரைகள் தங்கள் தண்ணீரைத் தங்கள் வளாகத்துக்குள்ளேயே குளம் வெட்டித் தேக்கினால் ஏரிக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். கரைக்கு இந்தப் புறம் இருக்கும் நாம் நம் தண்ணீரைத் தேக்கினால், ஏரியைத் திறக்க வேண்டிவரும் இரவில் ஆற்றில் இடம் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் வேலை உண்டு, வேறு வேறு வேலை.

சரி, நம் மனைக்கு வருவோம். பெசன்ட் நகரில் இருக்கும் சொந்தக்காரர், "நாங்க ஒரு குழி போட்டோம், அஞ்சு நிமிஷத்துல தண்ணி மாயமாயிடுது" என்று பெருமையாகச் சொல்வார். அவர் கடற்கரை மணலில் இருக்கிறார். மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் குடிக்கும். போரூர் தொடங்கி மேற்கே பல இடங்களில் நம் காலடியில் இருப்பது களிமண். அது மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் குடிக்கும். மணிக்கு 40 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் இந்தக் களிமண் என்ன செய்யும்? மேலே ஓடவிடும். அதனால் களிமண் ஊரில் இதெல்லாம் எடுபடாது என்று கைவிட்டவர்கள் பலர்.

கொஞ்சம் பொறுங்கள். களிமண் மெதுவாகக் குடிக்கும், குடிக்காது என்றில்லை. மணிக்கு 3 மில்லிமீட்டர் என்றாலும் ஒரு நாளில் 72 மில்லிமீட்டர் இறங்கிவிடும். அதற்குத் தேவை அவகாசம். மழை கொட்டும் அரை மணி நேரத்தில் வந்த தண்ணீரை இரண்டு நாள் நிறுத்திவைக்க ஓர் இடம் கொடுத்தால் போதும். வீட்டுப் பின்புறம் பத்தடிக்குப் பத்தடியில் அரையடி ஆழத்துக்கு ஒரு பள்ளமான பாத்தி. அதில் 1,400 லிட்டர் நிற்கும். அடியில் மணலும் மக்கும் கலந்து, கல்வாழை, வெட்டிவேர், கோரை என்று காலில் தண்ணீர் பட்டாலும் வெயிலில் காய்ந்தாலும் தாங்கும் செடிகளை வைக்கலாம். செடி வெறும் அழகுக்கு வைப்பதில்லை. அதன் வேர்தான் களிமண்ணைத் துளைத்து வழி போடுகிறது. இரண்டு மூன்று பருவம் போனால் அந்தப் பாத்தி முதல் வருஷத்தைவிட நன்றாகக் குடிக்கும்.

கொசு வராதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் வேண்டும். பாத்தியில் தண்ணீர் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாளில் வற்றிவிட வேண்டும் என்று ஆழத்தைத் திட்டமிடுவது அதனால்தான். அரையடி என்று சொன்னதும் அந்தக் கணக்கில்தான்; ஆழமாக வெட்டினால் நிறைய நிற்கும் என்ற ஆசையில் மூன்றடி வெட்டிவிடாதீர்கள். உண்மையில் உங்கள் தெருவில் கொசு வளர்ப்பது பாத்திகளைவிட, சரிவு சரியில்லாமல் வருஷம் முழுக்கத் தேங்கி நிற்கும் கான்கிரீட் வடிகால்தான்.

மொட்டைமாடித் தண்ணீருக்கு வேறு வழி. அது ஓரளவு சுத்தமானது. அதை ஆழத்துக்கே அனுப்பலாம். மூன்றடி விட்டத்தில் பதினைந்தடி ஆழத்துக்கு உறை இறக்கினால் ஒரே நேரத்தில் 3,000 லிட்டர் கொள்ளும். களிமண் அடுக்கைத் தாண்டிக் கீழே மணலோ மக்கிய பாறையோ கிடைக்கும் வரை போவது முக்கியம். அடுக்கைத் தொடாமல் பாதியில் நின்றுவிட்ட குழி வெறும் தொட்டி. பழைய திறந்த கிணறு இருந்தால் இன்னும் நல்லது, அதைத் தூர்த்துவிடாதீர்கள். முதல் மழையில் மாடித் தூசியும் காக்கை எச்சமும் வரும், அதை மட்டும் வெளியே விட்டுவிட்டுப் பிறகு திருப்புங்கள். தெருத் தண்ணீரைக் கிணற்றிலோ போரிலோ நேராக விடவே கூடாது. பாதாளச் சாக்கடை முழுமையாக வராத புறநகரில் மழைநீர் வடிகாலில் என்னவெல்லாம் கலக்கிறது என்று நமக்கே தெரியும். தெருத் தண்ணீர் மண், செடி, வேர் வழியாக வடிந்துதான் கீழே போக வேண்டும்.

இதையெல்லாம் 2003-லேயே சட்டமாக்கிய மாநிலம் நம்முடையது. எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அதற்கு முந்தைய ஆண்டே மந்தைவெளியில் சேகர் ராகவன் ‘மழை இல்லம்’ என்ற விளக்க மையத்தைத் தொடங்கி, வருபவர்களுக்கெல்லாம் எந்த மண்ணுக்கு எந்தக் குழி என்று பொறுமையாக விளக்கத் தொடங்கிவிட்டார். சட்டம் வந்த சில ஆண்டுகளில் நிலத்தடி நீர் பல இடங்களில் ஏறவும் செய்தது. பிறகு நடந்ததும் நமக்குத் தெரியும். பிளான் அப்ரூவலுக்காக ஒரு குழி, அதற்குள் ஜல்லி, அதன் மேல் மூடி, மூடியின் மேல் பைக். மூன்று மழைக்காலத்தில் வண்டல் படிந்து அது அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், ஜல்லியை எடுத்துக் கழுவிப் போடாத குழி கணக்குக்குத்தான் குழி.

வாசலில் பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்றும் ஒரு பேச்சு உண்டு. கல்லுக்கு நடுவே சந்து இருந்து, அடியில் மணலும் ஜல்லியும் இருந்தால் இறங்கும். சிமென்ட் கலவையில் பதித்து, சந்திலும் சிமென்ட் பூசிவிட்டால் அதற்கும் கான்கிரீட் தரைக்கும் வித்தியாசம் நிறத்தில் மட்டும்தான். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய விஷயம் இது.

வீட்டைவிடப் பெரிய வாய்ப்பு தெருவில் இருக்கிறது, அங்கேதான் நாம் அதிகமாகக் கோட்டைவிடுகிறோம். பெரிய மனைப்பிரிவு போடுபவர்கள் பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளிக்கு விட வேண்டும் என்பது விதி. அந்த நிலத்தை என்ன செய்கிறோம்? லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கி, சுற்றி நடைபாதைக்குக் கான்கிரீட் போட்டு, நடுவில் ஒரு சிமென்ட் யானை வைக்கிறோம். மழை பெய்தால் பூங்காவின் தண்ணீர் தெருவுக்கு வருகிறது. நடக்க வேண்டியது இதற்கு நேர் எதிர். பூங்கா தெருவைவிட ஒரு முழம் தாழ்ந்திருந்தால் தெருத் தண்ணீர் பூங்காவுக்குப் போகும். வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் அங்கே நடக்க முடியாது, மற்ற நாளெல்லாம் நடக்கலாம். சென்னை மாநகராட்சி ஸ்பான்ஜ் பூங்கா என்ற பெயரில் பல இடங்களில் செய்வது இதைத்தான். கிண்டியில் ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024-ல் அரசு மீட்டபின் வேளச்சேரிப் பக்கம் இறங்கும் தண்ணீரைப் பிடிக்க அங்கே குளங்கள் வெட்டினார்கள். நம் பக்கம் போரூரில் சி.எம்.டி.ஏ. 16 ஏக்கருக்கு மேல் ஈரநிலப் பூங்கா அமைத்திருக்கிறது. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு, மாலையில் குடும்பம் குடும்பமாக நடக்க வரும் இடமாகிவிட்டது. மனிதர்கள் நடக்க வரும் ஏரியில் இரவோடு இரவாகக் குப்பை கொட்டுவது கொஞ்சம் கஷ்டம். அதுவும் ஒரு பாதுகாப்புதான்.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் பீஷான் பூங்காவைப் பார்த்திருப்பார்கள். அங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோட்டில் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்தது. அதை உடைத்து, புல்லும் பாறையும் வளைவுமாக 3.2 கிலோமீட்டராக்கி 2012-ல் திறந்தார்கள். அரை கிலோமீட்டர் கூட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டு, தாமதமாகப் போக வேண்டும் என்பதற்காகவே ஆற்றை நீளமாக்கியிருக்கிறார்கள். மழை வந்தால் பூங்காவின் புல்தரையே ஆற்றுக்கு இடம் கொடுத்து ஒதுங்கிக்கொள்கிறது.

இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். சீனாவின் ஜெங்ஜோ நகரமும் ஸ்பான்ஜ் நகரத் திட்டத்தில் பெரும் பணம் போட்ட ஊர். 2021 ஜூலையில் அங்கே ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் கொட்டியது. சுரங்க ரயில் வரை தண்ணீர் புகுந்து பலர் இறந்தார்கள். பாத்தியும் பூங்காவும் 3 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் மழையை முழுங்கும். 10 சென்டிமீட்டர் மழையின் உச்சத்தைத் தட்டையாக்கும். 49 சென்டிமீட்டருக்கு முன்னால் அவை ஆரம்பத்திலேயே நிரம்பிவிடும். அந்த நாளுக்குத் தேவை பெரிய ஏரியின் காலி இடமும், ஆறு படர்ந்து ஓட விட்டுவைத்த கரை நிலமும், முறையான எச்சரிக்கையும்தான். ஆனால் 49 சென்டிமீட்டர் நம் வாழ்நாளில் எத்தனை முறை வரும்? முழங்கால் தண்ணீர் வருஷா வருஷம் வருகிறது. அதைக் கொண்டுவருவது சாதாரண மழை. அந்தச் சாதாரண மழையைச் சமாளிக்கத்தான் இந்தச் சின்ன ஏற்பாடுகள்.

தண்ணீரைத் துரத்தியதன் விலையை நாம் நான்கே ஆண்டில் கொடுத்தோம். 2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் தரை தெரிந்து கிடந்தது. பூண்டி, சோழவரம், புழல் நிலையும் அதுதான். பக்கத்தில் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கியிருந்த மழைநீரை இறைத்துச் சுத்திகரித்துக் குடித்தோம். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு ரயில் வில்லிவாக்கம் வந்தபோது அதை வரவேற்க அமைச்சர்கள் போனார்கள். 25 லட்சம் லிட்டர் என்பது, நாம் முதலில் போட்ட கணக்குப்படி, 10 சென்டிமீட்டர் மழை நாளில் சுமார் 112 கிரவுண்டில் விழும் தண்ணீர். ஒரு நடுத்தர மனைப்பிரிவின் அளவு. மழைக்காலத்தில் ஏரியை விளிம்புவரை நிரப்பாமல் ஓரிரண்டு அடி காலியாக வைத்திருப்பதா, கோடைக்காக நிரப்பிக்கொள்வதா என்று அதிகாரிகள் ஒவ்வொரு நவம்பரும் படும் பாடு இதனால்தான். காலி வைத்தால் மே மாதம் திட்டுவோம், நிரப்பினால் டிசம்பரில் திட்டுவோம். ஊரின் மண்ணிலும் குளத்திலும் கொஞ்சம் தேங்கினால் அந்த இரண்டு அடி தரும் நெருக்கடி கொஞ்சம் தளரும்.

டீ முடிந்துவிட்டது, கிளம்புமுன் ஒரு சின்னச் சோதனை மட்டும் சொல்லிவிடுகிறேன். மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுப் பக்கத்தில் ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டுங்கள். தண்ணீர் ஊற்றி முழுவதும் இறங்கவிடுங்கள். உடனே மறுபடி ஊற்றி, ஒரு ஸ்கேலை நட்டுவைத்து, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் உங்கள் மண் தாராளமானது, சாதாரணப் பாத்தியே போதும். அரை சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை என்றால் களிமண். பாத்தியை அகலமாக, ஆழமில்லாமல் வெட்டுங்கள், மாடித் தண்ணீருக்கு உறை இறக்குங்கள். பக்கத்து வீட்டிலும் இதைச் செய்யச் சொல்லி இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே தெருவில் கூட வேறுபடும், பழைய கால்வாயை மூடிப் போட்ட மனையாக இருந்தால் ரொம்பவே வேறுபடும்.